தேதி கடந்த பத்திரிகை

கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள்
சாப்பாட்டு மேசையில் இருநூறு நன்றி அட்டைகள்.
லங்காவியிலிருந்து லோகஷினி செய்தி அனுப்புகிறாள்:
"பேரை மட்டும் கையால எழுதுங்கம்மா.
மத்ததெல்லாம் அச்சுல இருக்கு."

இருக்கத்தான் இருக்கிறது.
'தங்கள் வருகையால் எங்கள் இல்ல விழா சிறந்தது.'
தங்க எழுத்து. விரல் பட்டால் ஒட்டிக்கொள்கிறது.

இவர் மொய் நோட்டை வாசிக்க வாசிக்க
நான் எழுதுகிறேன்.
ஐம்பத்தொன்று, நூற்றொன்று,
பதினோராம் மாடி மிஸஸ் கூவின் சிவப்பு உறையில் எண்பத்தெட்டு.
அவள் கணக்கு எட்டில் முடிகிறது, நம் கணக்கு ஒன்றில்.
பேரில்லாத உறை மூன்று.
பேர் இருந்து காசில்லாத உறை ஒன்று;
அவருக்கு மட்டும் கொஞ்சம் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அப்புறம் இவர் நிறுத்தினார்.
"மாசிலாமணி. முப்பத்தொன்று."
யார் கையில் கொடுத்தனுப்பினாரோ.
உறையின் பின்பக்கம் பென்சிலில்:
பாப்பாவுக்கு, வேன் மாமா.

ஆறு வருஷம்.
ஜெலுத்தோங் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம்,
மழைநாளில் வாசல் வரைக்கும் குடை.
அவள் வாந்தியெடுத்த சீட்டை என்னிடம் சொல்லாமல் கழுவியவர்.
பல வருஷம் கழித்து அவள் சொல்லித்தான் தெரியும்.

பட்டியலில் அவர் பேர் இரண்டு தடவை ஏறியது.
இரண்டு தடவையும் அடித்தது நான்.
தட்டு ஒன்று முப்பத்தெட்டு ரிங்கிட்,
அறுநூறுக்கு மேல் முடியாதென்றான் மண்டபக்காரன்,
இவருடைய ஆபீஸ் ஆட்களே நாலு மேசை.
"பட்டர்வொர்த் போயிட்டவரு, எங்க வரப்போறாரு?"
கேட்டது இதே வாய்தான்.

தங்கள் வருகையால்.
அந்த வரியைப் பேனாவால் அடித்துப் பார்த்தேன்.
தங்கத்தில் மை நிற்கவில்லை, வழுக்குகிறது.
வெள்ளைத்தாள் எடுத்தேன்.
'அன்புள்ள' வரைக்கும் வந்தது.

அலமாரியில் பதினொரு பத்திரிகை மிச்சம்.
நாலு மூலையிலும் நான் தடவிய மஞ்சள்
காய்ந்து உதிர்கிறது.
தேதி கடந்த பத்திரிகையை
யாரும் யாருக்கும் வைப்பதில்லை.
முறையில்லை.

ஞாயிறு காலை இரண்டு பேருமாய் ஃபெரி ஏறினோம்,
தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.
எதிர் சீட்டு மலாய்ப் பையன்
பழத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்று கொடுத்தேன்.

பாகான் டாலாம். ஏழாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டதும்
உள்ளே ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

நின்றபடியே நீட்டினோம்.
"குடும்பத்தோட வந்திரணும்" என்று
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.
சொன்னபிறகுதான் காதில் விழுந்தது.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்தார்.
பாப்பா பேரை, மாப்பிள்ளை பேரை,
மண்டபத்தை, போய்விட்ட முகூர்த்தத்தை
ஒரு வரி விடாமல் வாசித்தார்.
மடித்து, சாமி படத்தடியில் வைத்தார்.

"கண்டிப்பா வந்திடுறேம்மா" என்றார்.