இருபதின் மடங்கு

சிலிம் ரிவரில் சைக்கிள் கடை உண்டு.
பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுவது, முன்கூடை வைத்தது,
பஞ்சராகி மூன்று மாதமாய்க் கொக்கியில் தொங்குவது.
நான் தேடுவது அங்கில்லை.
ஈப்போவுக்குப் போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்,
கோலாலம்பூருக்குப் போனாலும் அதே நூறு.
நடுவில் பிறந்தவனுக்குக்
கைப்பேசிதான் கடைத்தெரு.

இரவு ஷிப்ட். செம்பனை மில்லின் எடைமேடை.
ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் இடையில்
இரண்டு படங்களை மாறி மாறித் திறக்கிறேன்.

ஒன்று பந்தயத்துக்கு.
ஏழு கிலோ எழுநூறு. கைப்பிடி தாழ்ந்து கிடக்கிறது,
ஏறினால் மூக்கு முன்சக்கரத்தை மோப்பம் பிடிக்கும்.
மற்றது நெடுந்தூரத்துக்கு.
ஒன்பது கிலோ நூறு. கழுத்து உயர்ந்து, டயர் தடித்து,
கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரை
காத்திருக்கத் தெரிந்தவர் முகம்.

நடுவே ஒரு கிலோ நானூறு.
அதற்காக நான்கு பகலாய்த் தூக்கமில்லை.
பழ லோரியில் நாற்பது கிலோ இடித்தால்
"மழைத்தண்ணி, அண்ணே" என்பான் டிரைவர்.
சரி போ என்று கையெழுத்துப் போடுகிறவன் நான்.

அளவு அட்டவணை கேட்கிறது:
பாதத்திலிருந்து கவட்டை வரை எத்தனை சென்டிமீட்டர்?
சுவரில் சாய்ந்து, கால்களுக்கு நடுவே
மகளின் கணக்குப் புத்தகத்தைச் செருகி நின்றேன்.
தவமலர் பென்சிலால் கோடு போட்டாள். எண்பத்தொன்று.
வயசு கேட்கவில்லை, இடுப்புவலி கேட்கவில்லை,
சுங்காய் போகும் சாலையில் எத்தனை குழி என்று
கேட்கவே இல்லை.
பந்தய வண்டியின் படத்தைக் காட்டினேன்.
நாற்றங்காலில் பதினோரு வருஷம் பாலிபேக் நிரப்பியவள்
ஒரு தடவைதான் பார்த்தாள்.
"குனிஞ்சு சம்பாதிச்சது பத்தாதா?
காசு குடுத்து வேற குனியணுமா?"

ஆனாலும் ஞாயிறுதோறும் அந்த டாக்டர் வருகிறார்,
தஞ்சோங் மாலிமிலிருந்து.
துரோலாக் ஏற்றத்தில் என் பழைய இரும்பைத் தாண்டும்போது
"வாங்க, வாங்க" என்கிறார், மூச்சு இரைக்காமல்.
அந்த இரண்டாவது "வாங்க"வுக்குத்தான்
ஏழு கிலோ எழுநூறு.

மூன்று மணிக்கு லோரிகள் ஓய்ந்தன.
ஆய்வுக்கூடத் தராசில் உதிரிப் பழம் நிறுத்து
இரண்டு சாக்கு கட்டி வைத்திருந்தேன்,
ஒன்று அது, ஒன்று இது.
காவலுக்கு நின்ற பிம்லாலைக் கூப்பிட்டுத்
திரையைப் பார்த்துச் சொல் என்றேன்.
வெறுங்கையாய் மேடையேறினேன். எண்பது என்றான்.
முதல் சாக்கோடு. நூறு.
இரண்டாம் சாக்கோடு. நூறு.
இறங்கி, மறுபடி ஏறினேன்.
நூறு, சார். நூறு.

எங்கள் மேடை இருபதின் மடங்கில்தான் பேசும்.
பதினாறு வருஷமாய்த் தெரிந்த சங்கதிதான்.
சிரித்துக்கொண்டே இறங்கினேன்.
பிம்லால் இரண்டு சாக்கையும்
இரண்டு கையில் தூக்கிப் பார்த்தான்.
"இதுதான் கனம்" என்றான். சரியாகச் சொன்னான்.

நெடுந்தூரத்தை அழுத்தினேன்.
அளவு ஐம்பத்துநான்கு. பச்சை மட்டும் மிச்சம்.
ஆறு மாதத் தவணை.
குடியிருப்புக்குள் பார்சல் வேன் நுழையாது,
முகவரியில் மில் எடைமேடை, காவலறை எதிரே.

விடிந்ததும் மற்றதைத் திறந்தேன்.
விற்றுத் தீர்ந்தது என்று போட்டிருந்தது.
யாரோ.
குழியில்லாத ஊர்க்காரராக இருக்க வேண்டும்,
அல்லது டாக்டருக்குத் தம்பியாக.

ஆறேகாலுக்கு முதல் லோரி ஏறியது.
இருபத்தெட்டாயிரத்து நானூற்று நாற்பது.
எழுதிக்கொண்டேன்.
அந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை.