நாற்பத்தோராவது கம்பம்

ரீகா. தௌகாவா ஆற்றங்கரை. அக்டோபர் குளிர்.
நடைபாதை முடியுமிடத்தில் நின்றுகொண்டு விஸ்மா
வருகிற எல்லோரிடமும் ஒன்றே கேட்கிறாள்,
நகராட்சிப் படிவத்தில் குறிக்கிறாள்:
என்ன பார்த்தீர்கள்?

பாலம், என்கிறார்கள். நீல விளக்குப் போட்ட பாலம்.
பாலம். அப்புறம், பாலம்.
ஒரு பையன் மட்டும்
“என் நிழல், மொத்தம் நாலு” என்றான்.
ஆறு என்று ஒருவரும் சொல்லவில்லை.

வியாழனன்று நாற்பத்தோராவது கம்பம் அணைந்துபோனது.
இருபதடி இருட்டு.
நுழைந்தவர்கள் நடையைக் குறைத்தார்கள்,
சில பெண்கள் கைப்பையை இறுக்கினார்கள்.
அன்றைய படிவத்தில்:
படிக்கல்லில் தண்ணீர் மோதும் சத்தம்.
புகையிலை நெடி.
தூண்டிலோடு ஒருவர், அவர் எப்போதும் அங்கேதானா?

எப்போதும் அங்கேதான் ஓயார்ஸ்.
பதினோரு வருடமாக விளக்குக்கு நேர் கீழே,
பளிச்சென்று,
யார் கண்ணிலும் படாமல்.

வெள்ளிக்கிழமை ஏணி வண்டி வந்தது.
புகார் எழுதியவள் விஸ்மாதான்;
வீட்டுக்குப் போக அவளுக்கும் அதே வழி,
அவளிடமும் ஒரு கைப்பை.

வெளிச்சம் விழுந்ததும்
ஓயார்ஸ் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டார்.
ஒரே ஒரு ராத்திரி விலாங்கு கரையோரம் வந்தது,
இனி வராது, என்றார்.
சொல்லும்போது அவரும்
பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.