நாற்பது ரூபாய்க்கு ஈடு

வாளையாரில் எடைமேடை என்னுடையது.
என்னுடையது என்றால்,
முதலாளி தத்தமங்கலத்தில் இருக்கிறார்,
இரவு மட்டும் என்னுடையது.

சோதனைச் சாவடி இருந்த காலம்.
சிமெண்ட், முட்டை, வைக்கோல், கறிக்கோழி
மூன்று மைலுக்கு வரிசை கட்டி நிற்கும்.
மழை மலையோடு நின்றுவிடும்.
காற்று மட்டும் சீட்டில்லாமல் எல்லை தாண்டும்.

பைலோ என்றொரு டிரைவர், அங்கமாலிக்காரன்,
வெங்காய லோடு.
எடைக்கூலி நாற்பது. கையில் ஒற்றை ஐநூறு.
சில்லறை என்னிடமும் இல்லை.
வண்டிக்குள் கைவிட்டு ஒரு கேசட்டை உருவி
"சேச்சி, இது இருக்கட்டும்,
திரும்பும்போது வாங்கிக்கிறேன்" என்றான்.

டப்பாவுக்குள் மடித்த தாளில் ஐந்து கறுப்பு ஆண்கள்.
ஒரே துணியில் வெட்டிய கோட்டு,
ஒரே பக்கம் சாய்ந்த தோள்.
பெயர் இருந்த இடத்தை டீசல் தின்றிருந்தது.

முதலில் ஒருவன் விரலைச் சொடுக்குகிறான்.
அப்புறம் அடிக்குரல்காரன்,
கியர் போடாமல் உறுமி நிற்கும் பத்துச் சக்கரம் மாதிரி.
அவன் மேல் மூன்று பேர் பலகை அடுக்குகிறார்கள்.
எல்லோருக்கும் மேலே, தார்ப்பாய் உச்சியில்,
பெண்குரலா ஆண்குரலா என்று கேட்கவிடாமல்
பிடிமானம் இல்லாமல் நிற்கிறான் ஒருவன்.
விழுவான் என்று ஒவ்வொரு இரவும் பார்த்தேன்.

எனக்குப் புரிந்தது ஒரே சொல்: பேபி.
தாலாட்டு என்று முடிவு செய்துவிட்டேன்.
கோட்டுப் போட்ட ஐந்து ஆண்கள்
ஒரு குழந்தையைத் தூங்கவைக்கப் படாதபாடு படுகிறார்கள்,
அது தூங்குவதாயில்லை.
பாவமாக இருந்தது.
மேசைக்கடியில் பாய் விரித்துப் படுத்த
என் சுகிர்தா மட்டும்
இரண்டாம் பாட்டுக்குத் தாண்டமாட்டாள்.

"பள்ளிப் பாட்டு, ஏசுவைக் கூப்பிடுறாங்க"
என்பார் சாவடி குமாஸ்தா சுலோசனன்.
சுமைதூக்கும் மாதப்பன் ஒத்துக்கொள்ளவில்லை:
"யூனியன் பாட்டு சார்.
ஒருத்தன் கேட்கிறான், நாலு பேர் ஆமாங்கிறான்."

மறுபக்கத்து மூன்றாம் பாட்டில் நாடா கசங்கியிருந்தது.
நாலு விநாடி. வெறும் கரகர.
அதற்குள் நான் வைக்காத சொல் இல்லை.
திருப்பூருக்குப் போய்த் திரும்பாத என் வீட்டுக்காரர்
சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைக்கூட
வைத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் நீளம். கொள்ளவில்லை.

பைலோ வேறு வழி பிடித்துக்கொண்டானோ என்னவோ.

இப்போது சாவடி இல்லை.
வண்டிகள் என்னைப் பார்க்காமல் போகின்றன.
சுகிர்தா திருச்சூரில் நர்ஸ்.
போன மாதம் வந்தவள்
என்னை முணுமுணுக்கச் சொல்லிப் போனை நீட்டினாள்.
மூன்றாவது தடவையில் அது கண்டுபிடித்துவிட்டது.
"அம்மா, பேபின்னா குழந்தை இல்லம்மா"
என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
ஐந்து பேரில் நாலு பேர் இறந்துவிட்டார்களாம்.
எந்தக் குரல் மிச்சம் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் பாட்டை வைக்கச் சொன்னேன்.
சுத்தமாக இருந்தது, கழுவின தட்டு மாதிரி.
அந்த இடம் வந்தது. காதை ஒட்டி வைத்தேன்.

சொல் இல்லை.
ஐந்து பேரும் நிறுத்தி மூச்சு இழுக்கிறார்கள்.
சேர்ந்தாற்போலக்கூட இல்லை,
அடிக்குரல்காரன் கொஞ்சம் பிந்துகிறான்,
பருத்த உடம்பு போலிருக்கிறது.

அன்றிரவு மூன்றரைக்கு ஒரு நேந்திரங்காய் வண்டி ஏறியது.
இன்ஜினை அணைக்கச் சொன்னேன்.
"எதுக்கு சேச்சி? ஓடினாலும் எடை ஒண்ணுதானே?"
அணைத்தான்.
கணவாய்க் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிப் போட்டது.
எண்கள் ஆடி ஆடி நின்றன,
பதினொன்று நானூற்றிருபது.
சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.
கூலி இப்போது நூற்றைம்பது.

பைலோ வந்தால் பழைய கூலிதான்.