இணைப்பு எண் நான்கு

கதவில் அப்பா ஏற்கெனவே இருந்தார்.
கறுப்புக் கட்டம், படம், வயது,
இறந்து நாற்பது நாள் என்று ஒரு வரி.
லோம் நகரில் செத்தவர்களைக்
கதவில்தான் ஒட்டுவோம்.
நீதிமன்ற ஆள் வந்தபோது நான் மாவு மில்லில் இருந்தேன்.
அவரும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்,
அப்பாவின் காதோரமாய்,
அதே அளவுத் தாள், அதே பசை.

பென்கோவின் வாரிசுகள்.
எங்கள் இருவருக்கும்
வங்கி வைத்த ஒற்றைப் பெயர் அது.

தம்பி யாவோர் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கிறான்.
"எதுவும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேனே அக்கா,
ஏப்ரலிலேயே."
என்னிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நாயை யார் பார்ப்பது?

நான் எதையும் எழுதவில்லை.
படகு மோட்டாரை விற்றேன்,
அந்தப் பணத்தில் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவிக்
கல்லறையில் பங்கிட்டேன்.
"மோட்டாரை விற்றது
சொத்தை ஏற்றுக்கொண்டதற்குச் சமம்" என்றார்
வங்கி வக்கீல் கரகாஷேவா, சளி பிடித்த குரலில்.
"நாயையும் கூட்டிப் போனேன்" என்றேன்.
"நாயை நாங்கள் கோரவில்லை."

ஒன்பதாயிரத்து நானூறு லெவா. வட்டி தனி.
செத்த பிறகும் அப்பா வளர்ந்துகொண்டிருந்தார்,
மாதம் நூற்றுப் பன்னிரண்டு வீதம்.

எதற்கு வாங்கினார்?
கூரை அப்படியே ஒழுகுகிறது.
பல்லும் கட்டிக்கொள்ளவில்லை.

வங்கி இணைத்த கணக்குத் தாள் பதினேழு பக்கம்.
தப்புக் கண்டுபிடிக்கப்
பென்சிலோடு உட்கார்ந்தேன்.

கடிதமே எழுதாத மனிதர்.
பிறந்தநாளுக்கு அழைத்தால் "இங்கே மழை" என்பார்,
வைத்துவிடுவார்.
இந்தத் தாள்களில் நாள் தவறாமல் பேசியிருந்தார்.
வியாழன், பெலொக்ராட்சிக், பெட்ரோல், இருபது.
வியாழன், அதே ஊர், மருந்துக் கடை, நாற்பத்தொன்று.
வியாழன், மருந்துக் கடை, நூற்று எண்பது.
வியாழன், பேக்கரி, இரண்டு அறுபது.
மூன்று குளிர்காலம் இப்படி.
பிறகு ஒரு திங்கள்கிழமை, பூக்கடை, பன்னிரண்டு.
அதன்பின் அந்த ஊர் இல்லை.
வியாழக்கிழமைகளில் அப்பா
ஒரு காசும் செலவழிக்கவில்லை.

யாருக்கென்று தாளில் இல்லை.
வங்கிக்கும் தெரியாது;
தெரிந்திருந்தால் அங்கேயும் ஒட்டியிருப்பார்கள்.
என் பென்சில் எங்கோ உருண்டு போயிருந்தது.

யாவோரிடம் சொன்னேன்.
வெகுநேரம் டிராக்டர் சத்தம்.
"அம்மா இருந்தபோதா, அப்புறமா?"
தேதியைப் பார்த்தேன். "அப்புறம்தான்."
"சரி" என்றான். "அப்படியானால் சரி."
பணத்தைப் பற்றி அவனும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

மாதம் நூற்றைம்பது, ஆறு வருடம்.
கையெழுத்துப் போடக்
கரகாஷேவாவே பேனா தந்தார்.
ஆட்சேபம் ஏதும் உண்டா என்றார் நீதிபதி.
"இணைப்பு எண் நான்கு,
கோடு கிழிக்காத நகல் ஒன்று வேண்டும்."
"வழக்குத்தான் முடிந்துவிட்டதே அம்மா."
"தெரியும்."

பக்கத்துக்கு ஒரு லெவா.
சில்லறையாக எண்ணிக் கொடுத்தேன்.
அப்பா பட்ட கடனில் இந்தப் பதினேழு சேராது,
இது நான் பட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டீஸை உரித்தேன்.
நல்ல பசை.
அப்பாவின் ஒரு காதும்
கூடவே வந்தது.