மத்யமா பாஸ்

பெண் பார்க்க வந்தபோது
அவர் அண்ணன் சொன்னது இரண்டு விஷயம்:
கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா,
இந்தியில் மத்யமா பாஸ்.
முதலாவது உண்மை.

கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள்
எங்கப்பா வாங்கித்தந்த பீரோவை
'ரசம் போன சரக்கு' என்றார் பாடலீஸ்வரன்.
கண்ணாடியைத்தான் சொன்னாராம்.
நான் மூன்று நாள் பேசவில்லை.

நாலாம் நாள் ஞாயிறு.
திருப்பாதிரிப்புலியூர் ரயிலடி தாண்டி
ஒரு கொட்டகையில் காலைக்காட்சி, இந்திப்படம்.
கெடிலத்தில் தண்ணீர் ஓடிய மாசம் அது.
பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.
நான் இந்தப் பக்கம், சைக்கிள் நடுவில்.

படம் கல்யாணத்தில் முடியவில்லை,
ஆரம்பித்தது.
மாலை மாற்றியதும் செருப்பைத் தேடிய முன்வரிசைக்காரர்
குழம்பிப்போய்த் திரும்ப உட்கார்ந்தார்.
வில்லன் இல்லை. மழைப்பாட்டில்கூட
குடை பிடித்திருந்தார்கள்.
அவனும் அவளும் பேசினார்கள், பேசினார்கள்,
பால் கணக்குபோல் தீராத பேச்சு.
எனக்கு ஓர் எழுத்து புரியவில்லை.
காதருகே சாய்ந்து
வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்
முறுக்கு வாசனையோடு.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்
அவள் டிரங்குப் பெட்டியைப் பூட்டுகிறாள்.
அவன் வாசற்படியில் நின்று
தரையைப் பார்த்து ஏதோ சொல்கிறான்.
இவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.
பிறகு
'தப்பா சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதங்கிறான்'
என்றார்.
திரும்பும்போது பாலத்தில்
நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தோரு வருஷம்.
தானே புயலில் ஓடு பறந்தது.
பீரோ இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ரசம் போய்.
எத்தனை சண்டை! மன்னிப்பு என்ற சொல்லை
அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை.
அந்தப் படம் டிவியில் வந்தால்
சிப்காட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண்
சாப்பாட்டுப் பையோடு கதவோரம் நிற்பாள்.
போன தையில்தான் கட்டிக்கொண்டவள்.
ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு
புருஷனுக்குப் போன் போட்டபடி ஓடுவாள்,
காலையில் முறைத்துக்கொண்டு போனவனுக்கு.

நேற்று மகள் செல்போனில் அதையே வைத்துத் தந்தாள்,
கீழே தமிழ் எழுத்து ஓடும்படி.
டிரங்குப் பெட்டி வந்தது. வாசற்படி வந்தது.
அவன் சொன்னான்:
'சாவியை எடுத்துக்கிட்டுப் போ.
நீ திரும்பி வர்றப்ப நான் தூங்கியிருப்பேன்.'

அவ்வளவுதான்.
பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன்.
நல்ல வசனம்தான். ஆனால் வேறு.
'மன்னிப்பெல்லாம் கேக்கவே இல்லம்மா அவன்'
என்றாள் இளவேனில்.
ஆமாம்,
அவன் கேட்கவில்லை.

அடுத்த அறையில்
கொசுவலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.
எழுத்தை நிறுத்தச் சொல்லி
போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.
'இப்ப என்ன சொல்றான்?'

ஊசியை வலையிலேயே குத்தி வைத்தார்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
நிதானமாக யோசித்தார்.
'சாப்பிட்டியான்னு கேக்குறான்.'

திரையில்
இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.