நான்காவது பூச்சு

டொலீடோவில், லக்ராஞ்ச் தெருவுக்குப் பின்னால்
இந்த வீட்டின் கீழ்ப்பகுதியை
மூன்று உரிமையாளர்களுக்காக அடித்திருக்கிறேன்.
முதல் ஆள் சாவியைக் கையில் கொடுத்தார்.
இரண்டாவது ஆள் ஒரு நிறுவனம்.
இப்போதையவர் ஃபீனிக்ஸில் இருக்கிறார்,
படத்தில் பார்த்து வாங்கியவர்.
குரல் மட்டும் வரும்:
"ரெனாட்டா, வியாழக்கிழமை போட்டோ எடுக்க வருகிறார்கள்."

நிறத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது.
அவருடைய பதினோரு வீட்டுக்கும் ஒன்றுதான்.
சாம்பலுமில்லை, மணலுமில்லை.
யாருக்கும் பிடிக்க வேண்டாம்,
யாருக்கும் பிடிக்காமல் போகக்கூடாது.
ஐந்து காலன் வாளி. மிஞ்சினால் அடுத்த வீட்டுக்கு.

கூடத்தில் ஆணித் துளைகள் முப்பத்தொன்று.
எண்ணிக்கொண்டே அடைப்பது என் வழக்கம்.
ஜன்னல் சட்டத்தில் எனக்கு முன்னால் வந்த எவனோ
ஒரு கரப்பானையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறான்.
மீசை வரை வெள்ளை.
படுக்கையறைக் கதவுக்குப் பின்னால்
ஒரு முஷ்டி புகுந்த பள்ளம்.
யாருடையது என்று கேட்டதில்லை.
வலை ஒட்டி, மாவு அப்பி, காயவிட்டு, தேய்த்து,
மறுபடி அப்பி, மறுபடி தேய்த்து,
கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவேன்.
கை தடுக்கவில்லையென்றால் சரி.

சமையலறைக் கூரையில்தான் அந்தக் கறை.
மேல்வீட்டுக் குளியல் தொட்டிக்கு நேர் கீழே,
தேநீர் நிறத்தில், ஓரம் கறுத்து,
ஈரி ஏரியை வரைந்து வைத்தது போல.
அதன் மேற்கு முனையில், எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சொட்டு.
முதல் தடவை வாயால் சொன்னேன், குழாயைப் பாருங்கள் என்று.
இரண்டாவது தடவை எழுதிக் கொடுத்தேன்.
மூன்றாவது தடவை பில்லிலேயே சேர்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டுப் பணம் அனுப்பினார்கள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்தான்.
எனக்குத் தந்தது
அரைக் காலன் சோறு.

ஏப்ரலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தையும்
யாரோ படத்தில் பார்த்து வாங்கினார்கள்.
வாடகை முன்னூறு டாலர் ஏறியது.
ஸ்டானுக்கு முழங்கால் போய்விட்டது, மாடி ஏற முடியாது.
கீழ்ப்பகுதியாக, பட்டறைக்குப் பக்கமாகத் தேடித் தேடி
வந்து நின்றோம், இதே வாசலில்.

தரகர் பையன் கோல்ட்டன்
சாவிப் பெட்டியின் எண்ணை மறந்து செல்போனைத் துழாவினான்.
நான் சொல்லவில்லை.
"புத்தம் புதிதாக அடித்தது" என்றான் உள்ளே போனதும்.
ஸ்டான் அந்தக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து
முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தான்.
பள்ளம் அவனுக்குத் தெரியவில்லை.
ஒரு நொடி பெருமையாக இருந்தது.
அடுத்த நொடி அந்தப் பெருமை பிடிக்கவில்லை.

நாற்பது டாலர் குறைக்கச் சொல்லிக் கேட்டேன்.
கோல்ட்டன் ஸ்பீக்கரில் போட்டான்.
ஃபீனிக்ஸ் குரலுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
"குறைக்க முடியாது, அம்மா.
நல்ல ஆளை வைத்து அடித்திருக்கிறோம்."
ஸ்டான் சிரிப்பை அடக்க இருமினான்.

இருபதுக்குப் படிந்தார். கையெழுத்துப் போட்டோம்.

முதல் ராத்திரி பெட்டிகளைப் பிரிக்கும்போது
மேலே யாரோ தொட்டியில் தண்ணீர் திறந்தார்கள்.
ஸ்டான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான்.
நான் கூரையைப் பார்க்கவில்லை.
"கொஞ்சம் எழுந்திரு" என்றேன்.
சாப்பாட்டு மேசையை
ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.