குத்தகை எட்டு மணி நேரம்

ஓல்டனில் நவம்பர் வெயில்
மலையில் வீடுள்ளவர்களுக்கு.
எங்களுக்கு ஆரே ஆற்றின் மூட்டம்,
அதற்குள் எங்கோ ரயில் தடம் மாறும் ஓசை.

திங்கள், ஏழே முக்கால். தொலைபேசி.
லிப்ட் உதிரிப்பாகம் விற்கும் அலுவலகம், மூன்றாம் மாடி.
அந்தக் கட்டடத்து லிப்ட் ஓடவில்லை.
அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை புது ரௌட்டர் போட்டுவிட்டுப் போனீர்கள்.
இன்று எல்லாம் செத்துக் கிடக்கிறது" என்றார் ட்ஸ்பிண்டன்.
எல்லாம் இல்லை.
பதினொன்றில் ஏழு.
கோபத்துக்கு எண்ணத் தெரியாது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்,
எவரும் முதலில் செய்வதுதான்.
ஒன்று பிழைத்தது.
நன்றாக இருந்த ஒன்று விழுந்தது.
மறுபடியும் ஏழு.
ட்ஸ்பிண்டன் என் கையைப் பார்த்தார்,
சீட்டு விளையாடுகிறவளைப் பார்ப்பதுபோல.

விழுந்த கணினிகளிடம் முகவரி கேட்டேன்.
நான் வைத்த பெட்டி பத்தில் தொடங்கிக் கொடுக்கும்.
இவை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றன.
அது வெள்ளிக்கிழமை நான் கழற்றிய பெட்டியின் கணக்கு.
கழற்றிக் குப்பைப் பெட்டியில் போட்டது.
போட்டேன். நிச்சயமாகப் போட்டேன்.

கணினி கண் விழித்ததும் கூவும்:
யாராவது இருக்கிறீர்களா, எனக்கொரு முகவரி தாருங்கள்.
முந்திப் பதில் சொல்பவரே வீட்டுக்காரர்.
அந்த வாசல் தெருவுக்குப் போகிறதா
சுவரில் முட்டி நிற்கிறதா
என்று அது விசாரிப்பதில்லை.
எட்டு மணி நேரக் குத்தகை.
பாதி கழிந்ததும் மறுபடி கேட்கவேண்டும்:
இன்னும் இருக்கலாமா?

ஸ்விட்சில் ஒவ்வொரு கேபிளாக உருவினேன்.
பதினான்காவதை உருவியதும்
பழைய பெட்டி பதில் சொல்வதை நிறுத்தியது.
கம்பளத்துக்கடியில் போனது அந்தக் கேபிள்,
காப்பி இயந்திரத்தைச் சுற்றி,
செத்த பூச்செடியைத் தாண்டி,
கணக்குப் பிரிவு ஏஷ்லிமானின் அலமாரிக்குப் பின்னால்.
முழங்காலில் நின்று கையை விட்டேன்.
சூடாக இருந்தது.
பச்சை விளக்கு, இரண்டு நாள் தூசி,
தன் வேலையைச் சரியாகச் செய்யும் பெருமை.

"வெள்ளிக்கிழமை அச்சு வரவில்லை"
என்றாள் ஏஷ்லிமான், திரையைப் பார்த்தபடி.
"பழையதை மாட்டினால் பழையபடி வரும் என்று நினைத்தேன்."
வந்ததா?
"கடைசி பஸ் வரைக்கும் காத்திருந்தேன்."

அச்சுப்பொறியிடம் போனேன்.
அதன் விலாவில், எனக்கு முன்னிருந்தவனின்
சிவப்புப் பேனா: முகவரியை மாற்றக் கூடாது.
வெள்ளிக்கிழமையும் இதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.
படித்தேன், தலையாட்டினேன், போய்விட்டேன்.
எல்லோரும் புது வீட்டுக்குப் போக
இது மட்டும் இடித்த வீட்டு இலக்கத்தில் நின்று
யாரும் அழைக்கவில்லை என்று சும்மா இருந்திருக்கிறது.

மாற்றினேன்.
இருமியது, உருளை சுற்றியது,
வெள்ளிக்கிழமையின் வரிசை வெளியே வந்தது.

முதல் தாளை மை சரியா என்று எடுத்தேன்.
கண் என்னைக் கேட்காமல் படித்துவிட்டது.
வீட்டு நிர்வாகத்துக்கு.
கட்டடத்தை இடிப்பதாக உங்கள் அறிவித்தல் கிடைத்தது.
இருபத்தாறு ஆண்டுகளாக வாடகை ஒருநாளும் பிந்தியதில்லை.
மார்ச் முடியும் வரையாவது

அங்கே நிறுத்தினேன்.
நிறுத்தியது தாமதம்தான்.
தாளைக் குப்புற வைத்தேன் அவள் விசைப்பலகையில்.
"ஒரு பக்கம்தான்" என்றாள்.
ஒரு பக்கம்தான் என்றேன்.
பின்னால் நாற்பத்து மூன்று பக்கம்
எஃகு வடத்தின் விலைப்பட்டியல் விழுந்துகொண்டிருந்தது.

பழைய பெட்டி என் பைக்குள் போயிற்று.
பதினொன்றும் பத்தில் தொடங்கின.
"அப்போ தவறு எங்கே?" என்றார் ட்ஸ்பிண்டன்,
கையெழுத்திடப் பேனாவைத் தேடியபடி.

அறிக்கையில் எழுதினேன்:
பழைய ரௌட்டர் இணைப்பிலேயே இருந்தது.
அச்சுப்பொறியின் முகவரியை நான் கவனிக்கவில்லை.
இணைத்தது யார் என்ற கட்டம் ஒன்று உண்டு.
அதில் ஒரு கோடு போட்டேன்,
நேரான, சுத்தமான கோடு.

படியிறங்கும்போது
இரண்டாம் மாடியில் ஒருவர் கேட்டார்:
லிப்டுக்கு வந்தவரா நீங்கள்?